பஞ்சடைத்த மணி

ரோவெனாவை முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய பழைய சங்கம் லீட்ஸ் நகரில். ஏன் விட்டு வந்தாய் என்று கேட்டால் "ஒத்துவரலை" என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. இப்படி வாயை மூடிக்கொள்கிறவர்களைக் கண்டாலே எனக்கு மூக்கில் வேர்க்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஸ்கிப்டன் ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பயிற்சிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து நாங்கள் பன்னிரண்டு பேர் கூடுவோம். எல்லோரும் நரை கண்டவர்கள், வேலைவெட்டி உள்ளவர்கள். அன்றைக்கு மட்டும் பாதிப் பேர் குதிரை வேடம்: வாயில் கடிவாளம், கையில் குளம்புக் கையுறை, தலையில் இறகு. மீதிப் பேர் கடிவாள வார் பிடிப்போம். முழங்கால் உயர்த்தி நடப்பதும், வண்டி இழுப்பதும், அதற்கு மார்க் போடுவதும்தான் எங்கள் ஞாயிறு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, அவரவர் ஆசைப்பட்டு வருவதுதான். என் மைத்துனர் தலையில் அடித்துக்கொள்வார். கொட்டும் மழையில் சின்னப் பந்தை அடித்துவிட்டு அதைத் தேடிக்கொண்டே போகிறவர் அவர்!

கடிவாளம் போட்டவர் பேச முடியாது. அதற்காகத்தான் வலது கையுறையில் ஒரு பித்தளை மணி. மூன்று முறை ஆட்டினால், யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் நிறுத்த வேண்டும். அந்த விதியை எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டியவள் நான். முன்பு வேறொரு சங்கத்தில் என் தோழி பெரில் வார் இறுகிக் கை மரத்துப்போய்ச் சைகை செய்தாள். யாரும் கவனிக்கவில்லை. நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அவளால் ஒரு பொத்தானை ஒழுங்காகப் போட முடியாது. அந்தக் குற்றவுணர்ச்சியில் தொடங்கியதுதான் இந்தச் சங்கம். விசிலும் மணிச் சோதனையும் போட்டி மார்க்கும் என் பொறுப்பு.

ரோவெனா வார் பிடிப்பது கிளிஃபர்டுக்கு. ஐம்பத்திரண்டு வயது, ஆறடி உயரம், லாரி ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை அவன் பெயர் கான்கர். "வாரம் பூரா யாராச்சும் எதையாச்சும் கேட்டுக்கிட்டே இருக்காங்க மாவிஸ். இங்கதான் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல" என்று ஒருமுறை சொன்னான். அப்பாவி. அவனை ஒரு வாய்திறவாத பெண்ணிடம் விட்டிருக்கிறோமே என்று அவள் மேல் ஒரு கண் வைத்தே இருந்தேன்.

இலையுதிர்காலப் போட்டி நாள். காலையில் மேசையில் வைத்து எல்லா மணிகளையும் ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் கணீர். பிறகு தேநீர். ரோவெனா மட்டும் கோப்பையோடு மூலையில் நின்றாள். அவளுடைய மேலங்கிப் பையில் வெள்ளையாக ஏதோ பிதுங்கியது.

"அது என்ன?"

"பஞ்சு. அவன் காலணி குதிகாலைக் கடிக்குது."

"ஓஹோ" என்றேன். மனதில் குறித்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்குக் கான்கர் களத்தில் இறங்கினான். நல்ல துள்ளுநடை, ரோவெனாவின் கையில் வார் தளர்வாக. என் பக்கமாகக் கடந்து போனபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவன் துள்ளுகிறான், இறகு ஆடுகிறது, மணி மட்டும் ஒலிக்கவில்லை.

விசில் ஊதினேன். எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஓடிப்போய் அவன் கையுறையைப் புரட்டினேன். மணிக்குள் பஞ்சு, கெட்டியாக அடைத்து வைத்திருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கையும் களவுமா மாட்டினியா! அவன் நிறுத்தச் சொன்னா யார் காதுலயும் விழக்கூடாது, அப்படித்தானே?"

"நான் வெக்கல" என்றாள் ரோவெனா.

"பின்ன, பஞ்சு நடந்து போய் உள்ள உக்காந்துச்சா? இதைத்தான் லீட்ஸ்லயும் செஞ்சியா? அதான் துரத்திட்டாங்களா? சொல்லேன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் முகம் வெளுத்துப்போனது. கான்கர் உறுமினான், தலையை உதறினான், காலால் தரையை உதைத்தான். பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தேன். கடிவாளத்தைக் கழற்ற அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். எங்கள் வழக்கப்படி, வார் பிடித்தவர்தான் கழற்ற வேண்டும்.

"தொடாதே அவனை!" குறுக்கே நின்றேன். "வாரைக் கீழ போடு. இன்னையோட நீ வெளிய."

தேநீர் போடும் ஆல்ஃப், "மாவிஸ், கொஞ்சம் பொறுமையா..." என்று இழுத்தார்.

"பெரிலுக்கும் பொறுமையாத்தான் இருந்தோம்!" என்று கத்தினேன்.

ரோவெனா வாரைக் கீழே போடவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்:

"காதுல விழலன்னா பரவால்ல. அவன் கையைப் பாருங்க."

திரும்பினேன். கான்கர் வலது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் நிறுத்தினான். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணில் நீர் முட்டி நின்றது. அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் விலகினேன். ரோவெனா கடிவாளத்தைக் கழற்றி, தாடையைத் தடவிவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு கிளிஃபர்ட் பேசினான்.

"நான்தான் வெச்சேன் மாவிஸ். காலைல நீ சோதிச்சு முடிச்சப்புறம், கையுறை போடறதுக்கு முன்னாடி, அவ கழட்டி வெச்ச மேலங்கிப் பையிலேருந்து எடுத்தேன். அவளுக்குத் தெரியாது."

"ஏண்டா? எதுக்குடா?"

"போன வருஷம் ரெண்டு மார்க் குறைச்சியே. 'கை நிலையா இல்ல, மணி கிலுகிலுங்குது'ன்னு உன் கையால எழுதினியே. ஒரு மார்க்ல பரிசு ரிப்பன் போச்சு. முட்டாள்தனம்தான். ஒருவாட்டியாச்சும் ரிப்பன் வாங்கணும்னு ஆசை."

எதை ஆட்டச் சொல்லி விதி எழுதினேனோ, அது ஆடியதற்கே மார்க்கைக் குறைத்திருக்கிறேன். அடிப் பாவி, பெரிலுக்கு யார் என்ன செய்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தானே!

"எத்தனை தடவை ஆட்டினான்?" என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"மூணு மூணா, நாலு தடவை" என்றாள் ரோவெனா. கொண்டை ஊசியால் மணியிலிருந்து பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். "லீட்ஸ்ல நான் வார் பிடிக்கல. நான் குதிரை. நானும் ஆட்டினேன்."

அவள் மணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது.

கதவில் என் கையெழுத்தில்தான் ஒட்டியிருந்தது: மூன்று முறை ஆட்டியும் நிறுத்தாதவர் ஓராண்டு வெளியே. ஆல்ஃப் அதன் முன்னால் போய் மறைத்தாற்போல நின்று, "டீ ஆறுது, வாங்க எல்லாரும்" என்றார். நல்ல மனுஷன்.

"தள்ளுங்க ஆல்ஃப்" என்றேன்.

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி ரோவெனாவிடம் நீட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு காருக்குப் போனேன்.