பின்னல் நுனியில் ஒரு துளி

...இல்லை, அது எழ வேண்டிய கோடுதான், எழாவிட்டால்தான் பயப்பட வேண்டும், லேப் அக்கா வேண்டுமென்றே பூஞ்சையைப் போட்டு வைத்த குழாய் அது, மெஷினுக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க. சிவப்புக் கோடு. தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. மற்றவை திரையின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன, அதில் எது மாமனாருடையது, தெரியவில்லை, தெரியாததே நல்லது, எழுந்தால் அதில் பூஞ்சை, படுத்திருக்கும் வரை எல்லாம் ஒன்றுதான். பின்னலை முன்னால் இழுத்து நுனியைத் திருக அவள் கை பின்னால் போயிற்று. வெறும் கழுத்து. வெட்டி இரண்டு வாரமாகியும் கைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. "முறைச்சுப் பாத்தா மெஷின் பயந்துட்டு வேகமா ஓடுமா? போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றாள் அக்கா. குடித்தாயிற்று. கப் கையிலேயே இருக்கிறது, காலியாக.

மாமனார் என்று பெயர் வைத்ததும் அக்காதான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு தொட்டி மூலையில் உட்கார்ந்திருக்கும், கண் பாதி மூடியிருக்கும், போட்ட பூச்சியை உடனே தொடாது, இதில் உப்பு சரியா என்று யோசிக்கும் முகம். தவளைக்கு அந்தப் பெயரா என்று வீட்டில் நிஜ மாமனார் கோபித்துக்கொள்வார் என நினைத்தாள், அவர் அன்றிலிருந்து தினமும், "என் பங்காளி சாப்பிட்டானா?" என்று கேட்கிறார். நேற்றும் கேட்டார். சாப்பிட்டார் மாமா என்றாள். பொய். அவருக்குத் தெரிந்திருக்கும், தட்டைப் பார்த்துக்கொண்டார்... ஓடையில் கடைசியாகக் கிடைத்த சிலதில் ஒன்று அந்தத் தவளை. மற்றதையெல்லாம் பூஞ்சை தின்றுவிட்டது, அதற்குப் பிறகு ஓடையில் சத்தம் இல்லை. வேறெந்த ஓடையிலும் இந்த இனம் இருந்ததும் இல்லை. உள்ளறையில் இருப்பவைதான் மொத்தமும், மாமனார், இரண்டு பெண் தவளைகள், இப்போதுதான் வால் உதிர்ந்து கால் ஊன்றிய குஞ்சுகள், நகத்தளவு, ஒவ்வொன்றும் மூச்சு விடுகிறதா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஓடைக்குப் போனவர் அன்றைக்கு உள்ளறைக்குள் போகக் கூடாது. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, தூங்கி, மறுநாள் வரலாம். அந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். ஆனால் அன்றைக்கு ஓடையிலிருந்து திரும்பியபோது உள்ளே அலாரம் அடித்துக்கொண்டிருந்தது, சாரல் பம்பு நின்றுவிட்டது, வெயில், தவளைகளைப் பார்க்கும் டாக்டர் போனில், வந்து சேர ஒரு மணி நேரமாகும் என்றார், அதற்குள் குஞ்சுகள் காய்ந்து சருகாகியிருக்கும், நீயே போ, வேற வழியில்ல என்றார். உடம்பைக் கழுவினாள், உடை மாற்றினாள், பூட்ஸ் மாற்றினாள், கையுறை, தலைக்குத் தொப்பி. தலையை நனைத்தால் நேரமாகும். காலையில் விழுந்த மரத்துக்கு அடியில் குனிந்து போனபோது பின்னல் தண்ணீரில் தோய்ந்தது நினைவில் இருந்ததா? இருந்தது, இல்லை, தொப்பி இருக்கிறதே என்று... கையால் தெளித்தாள், பம்பை மாற்றினாள், மாமனார் தொட்டியின் குழாயைச் சரிசெய்யக் குனிந்தபோது தொப்பிக்குள்ளிருந்து பின்னல் நழுவி முன்னால் விழுந்தது. நுனியில் ஒரு துளி. தொட்டிக்குள் விழுவதைப் பார்த்தாள். பிடிக்க முடியாத அளவுக்கு வேகமும் இல்லை அது, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் டாக்டரிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை, தொட்டியைத் தனியாக வைத்தார், அதுதான் தாங்கவில்லை. அன்றைக்கே கத்தரிக்கோல். கண்ணாடியில் பார்க்கும்போது மகள் பின்னால் வந்து நின்று, "அம்மா, உனக்குக் கழுத்தே இல்ல, தவள மாதிரி இருக்க" என்றாள். சிரித்தாள். அழுதிருக்கலாம், சிரிப்புதான் வந்தது.

தவளைக்குத் தோல்தான் குடம், தோல்தான் பாதி மூச்சு. பூஞ்சை அதில் இறங்கினால் தோல் தடிக்கும், உப்பு உள்ளே நிற்காது, ஒருநாள் இதயம் நின்றுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். நேற்று மாமனார் தண்ணீரை விட்டுக் கல்லின்மேல் கிடந்தார், பின்னங்கால் அகன்று, பக்கத்தில் தோல் துணுக்குத் துணுக்காக. தவளை சட்டை உரிக்கும், உரித்ததை முழுசாக வாயில் போட்டு விழுங்கியும் விடும், மிச்சம் வைக்காது. இது மிச்சம். டாக்டர் பஞ்சுக் குச்சியால் வயிற்றிலும் தொடையிலும் துடைத்து எடுத்தார். குஞ்சுகளுக்கும் எடுத்தார், தொட்டியைப் பிரிப்பதற்கு முன்பே நீர் கலந்திருக்குமே. மருந்து இருக்கு இல்லையா சார் என்று கேட்டாள், பதில் தெரிந்துகொண்டே. "பெருசு தாங்கும்மா. குஞ்சு தாங்காது."

திரையில் ஏதோ அசைந்தது, இல்லை, கண் நீர் கோத்துக்கொண்டது. சிவப்புக் கோடு உச்சிக்குப் போய் வளைந்து நின்றுவிட்டது. மற்றவை? அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், இறக்கினாள், ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தாள், ஏன் பேச மாட்டேன் என்கிறாள், நல்லதாக இருந்தால் பேசியிருப்பாளே, இவள் எப்போதும் இப்படித்தான், உப்புமா வெந்ததா என்று கேட்டாலும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான்... "இல்ல" என்றாள் அக்கா. "என்ன இல்ல?" "ஒண்ணும் இல்லடி. யாருக்கும் இல்ல. எல்லாம் படுத்தே கிடக்கு. போய் முடிய ஒட்டிக்கோ." டாக்டர் கதவில் நின்றுகொண்டிருந்தார், எப்போது வந்தார்? "அந்தப் புது பம்பு சாரலைப் பாதிதான் வீசுது. காஞ்ச சட்ட கிழிஞ்சுதான் வரும். நாமதான் அவரைக் கிழிக்க வெச்சிருக்கோம்" என்றார், மூக்கைச் சிந்தினார். அவள் கப்பைக் கீழே வைத்தாள். விரல்கள் அதன் வடிவிலேயே மடங்கியிருந்தன. உட்கார்ந்தாள், எழுந்தாள், யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது, அக்காவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சனியனே, வலிக்குது" என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தாள், நிஜ மாமனார்தான் எடுத்தார். பங்காளி என்று கூடக் கேட்கவில்லை அவர், வெறுமனே, "சொல்லும்மா" என்றார். நல்லா இருக்கார் மாமா. பெருமூச்சு கேட்டது, பிறகு, "நேத்து அவன் சாப்பிடலைனு எனக்குத் தெரியும்" என்றார். பம்பின் மூக்கை மாற்ற வேண்டும், அதுதான் முதல் வேலை. உள்ளறை வாசலில் நின்றாள். உள்ளே போகும் வெள்ளை பூட்ஸ் ஒரு பக்கம், ஓடை பூட்ஸ் மறுபக்கம், இரண்டு வாரமாகத் தொடவில்லை, அடியில் சேறு வெடித்திருந்தது. துளியில் பூஞ்சை இல்லை. அது ஓடையின் துளி. இல்லை, ஒரு துளியை வைத்து ஓடையைப் பேசினால் அக்காவே சிரிப்பாள், ஒரு பருக்கை பதமெல்லாம் சோற்றுக்குத்தான், ஓடைக்கு இல்லை... ஆனாலும் அங்கே பூஞ்சை ஓய்ந்திருக்குமா, ஓய்ந்ததென்றால் தின்னத் தோல் இல்லாமல் ஓய்ந்ததா, தோல் திரும்பி வந்தால் அதுவும் திரும்பி வருமா? வெள்ளை பூட்ஸுக்குள் காலை விட்டாள். உள்ளே எது வரக் கூடாது என்று இத்தனை வருஷம் யோசித்தவள், உள்ளே இருப்பது ஒருநாள் எப்படி வெளியே போகும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. சுவரில் அவள் கையெழுத்து. ஓடையிலிருந்து உள்ளறைக்குப் போகக் கூடாது. உள்ளறையிலிருந்து ஓடைக்கு... அதைப் பற்றி அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை.