பத்துக்கு எத்தனை?

அவசரப் பிரிவின் வாசல் மேசைக்கு அந்தத் தம்பதி வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அவர் தையல்காரர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து வந்திருந்தார். மனைவி அவர் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"நெஞ்சுல ஏதோ பிடிச்ச மாதிரி இருக்காம் சிஸ்டர். காலையில இருந்து வாங்க போகலாம்னு கத்தறேன். கேட்டாதானே!"

"இவ தொணதொணப்பு தாங்காமதான் வந்தேன்" என்றார் அவர்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருகிறவர்களில் யாரை உடனே உள்ளே அனுப்புவது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்று பிரிப்பது அவள் வேலை. நாடி, பிரஷர், மூச்சு எல்லாம் பார்த்தாள். ஈ.சி.ஜி.யிலும் குறை தெரியவில்லை.

"வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்கண்ணே."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு போடுங்க. இவ திட்டுறதையும் சேர்த்தா மூணு."

"வீட்டுக்கு வாங்க, பத்தாக்கி விடறேன்" என்றாள் மனைவி.

வலியைக் கேட்கும்போது கூட வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது அந்தப் பிரிவின் வழக்கம். வீட்டார் முன்னால் சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் மென்று விழுங்குவார்கள். நர்ஸுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அந்த இரண்டு கைகளையும் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. உடனே உள்ளே போகவேண்டியவர்களுக்குச் சிவப்புப் பட்டை. அவர் மணிக்கட்டில் மஞ்சளைக் கட்டி, நாற்காலி வரிசையில் உட்காரச் சொன்னாள்.

காத்திருப்பவர்களை மறுபடி பார்க்க வந்தபோது மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவர் சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"சிஸ்டர், முதுகு வரைக்கும் துணியக் கிழிக்கிற மாதிரி இருக்கு. வரும்போதே இப்படித்தான். அவ வர்றதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க. பயந்துடுவா."

நர்ஸ் இரண்டு கைகளிலும் பிரஷர் பார்த்தாள். ஒன்றில் இருந்ததில் பாதிதான் மற்றதில். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினாள்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் நெடுகக் கிழிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அறுவை அறை தயாராவதற்குள் வெளிச்சுவரும் விட்டுப்போய், பிரஷர் சரிந்தது. டாக்டர் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே நர்ஸைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

மனைவியைக் கட்டிலருகே அழைத்து வந்தாள் நர்ஸ்.

"பிழைச்சுடுவார் இல்ல?"

"இல்லம்மா."

"கொஞ்சம் முன்னாடி உள்ள கொண்டுவந்திருந்தா?"

"வாய்ப்பு இருந்திருக்கும். உங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு அவரைக் கேட்டிருக்கணும். நான் கேக்கல. தப்பு என்மேலதான்மா."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. மகள், வந்துகொண்டிருந்தாள் போலும். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி. சும்மா வாயுவாம். நீ பதறாம வா… என்னது, அப்பாகிட்டயா? தூங்கறாருடி."

டாக்டர் அழுத்துவதை நிறுத்திவிட்டு, உயிர் போன நேரத்தைக் குறிக்க மணி கேட்டார். போனில் கேட்டுவிடாதபடி நர்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.