வாசலில் இரண்டு கோடு

மணல் குவாரியில் அவளுக்குப் பொந்து மேடம் என்று பெயர். வனத்துறைக்காரி. ஆறு வருடமாக, பறவைகள் முட்டையிடும் காலத்தில் குழியின் எதிர்க்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பைனாகுலரில் மணல் சுவரைப் பார்த்துப் பொந்துகளை எண்ணுவாள். எங்கிருந்தோ பறந்து வரும் நீலவால் பஞ்சுருட்டான்கள் அந்தச் சுவரைக் குடைந்துதான் குடும்பம் நடத்தின. பொந்துக்கு ஒரு ஜோடி என்று கணக்கு. நூற்று எண்பதில் ஆரம்பித்தது வருடா வருடம் ஏறி இருநூற்று ஐம்பதில் வந்து நின்றது. படிவத்தில் ‘நிலை’ என்ற கட்டத்தில் ‘கவலை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தாள். அந்தத் தைரியத்தில் சுவரின் இடது பாதியை வெட்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

வெட்டப்போவது அவளுடைய அக்கா புருஷன். பொக்லைன் ஓட்டுகிறவர். எதையும் தோண்டித் துருவிக் கேட்காவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது.

“ஏம்மா, இருநூத்தம்பது ஜோடின்னா ஐநூறு குருவி. நானும் தெனம் கேபின்ல உக்காந்து பாக்குறேன், அம்பது தலைகூட தேறலையே?”

“இரை தேடப் போயிருக்கும் மாமா. தும்பி, தேனீன்னு பிடிச்சுத் திங்கணும்ல.”

“நானூத்தம்பதும் ஒண்ணாவா?”

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது, அது அவளை விடவில்லை.

“கிட்டப் போய்ப் பாக்கணும் மாமா. ஆனா நடந்து போனா பறந்துடும். அதனாலதான் நான் இந்தப் பக்கமே உக்காருவேன்.”

“ஆளைக் கண்டாத்தான் பயம். என் வண்டிய அதுங்க மதிக்கிறதே இல்ல. பக்கெட்ல ஏறு.”

ஏறினாள். பக்கெட் மெல்ல உயர்ந்து சுவரோரம் நின்றது. முதல் பொந்தின் வாயில் சிலந்தி வலை. அடுத்தது பாதி சரிந்திருந்தது. மூன்றாவதில் குளவி குடியிருந்தது. இப்படியே பார்த்துக்கொண்டு போனவள், ஒரு பொந்தின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாசல் மணலில் இரண்டு மெல்லிய கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். உள்ளிருந்து கண்ணில் கறுப்புப் பட்டை போட்ட பச்சைத் தலை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

“மாமா! கோடு! இதுக்குக் குட்டைக் கால். தரையோட இழைஞ்சு போயிட்டு வர்றதுல தடம் விழுந்திருக்கு. கோடு இருந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம்!”

சுவர் முழுக்கப் பார்த்து முடித்து இறங்கும்போது கோடு போட்ட பொந்து இருபத்திரண்டுதான் தேறியது. வருடத்துக்கு வருடம் புதுப் பொந்து தோண்டியிருக்கின்றன. பழையது அப்படியே கிடந்திருக்கிறது. அவள் இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள்.

“ஆறு வருஷமா வீட்டத்தான் எண்ணியிருக்கேன் மாமா. குடியிருக்கிறவங்கள எண்ணவே இல்ல.” அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சரி, அந்த இருபத்திரண்டும் எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். நீங்க வெட்டப்போற பக்கம்.”

அவர் தலையைச் சொறிந்தார். “போன வருஷந்தான அதை நேரா செதுக்குனேன். வலது பக்கம் நான் தொட்டே நாலு வருஷமாச்சு, சரிஞ்சு இறுகிக் கெடக்கு. அப்போ நான் வெட்டுன இடத்துக்குத்தான் குடி வந்திருக்குங்க!” அந்த நேரத்திலும் மனிதருக்கு ஒரு பெருமை.

அன்றே அவள் எழுதினாள். ஜோடி இருபத்திரண்டு. நிலை, கவலை உண்டு. இடது பக்கத்தைத் தொட வேண்டாம், வலது பக்கத்தைச் செங்குத்தாக வெட்டினால் பறவைக்கும் உதவும்.

“ஆறு வருஷக் கணக்கும் தப்பாம்மா?” என்று கத்தினார் அதிகாரி.

“ஆறும் தப்பு சார். என் தப்பு.”

வெட்டும் இடத்தை மாற்றினார்கள். கணக்கெடுப்பையும் அவள் கையிலிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். வருடம் முழுக்க அவள் கோப்புகளோடு மல்லுக்கட்டினாள். குவாரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அடுத்த பருவத்தில் ஒருநாள் மாமா போன் செய்தார்.

“நான் வெட்டுன புதுச் சுவர்ல கோடு விழுந்திருக்கும்மா.”

“எத்தனை மாமா?”

“நான் எண்ணல. நாளைக்கு உனக்கு லீவுதான? பக்கெட்டக் கழுவி வச்சிருக்கேன், வா.”