பல் தெறித்த தெரு

மருந்துக்கடைக்காரரின் மேல்வரிசை முன்பல் தெறித்து, எதிரே சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கொத்தனாரின் காதுமடலைத் துளைத்து, ரொட்டிக்கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு ரொட்டிக்குள் போய் நின்றது. அந்த நொடியில் அவர் கடை வாசலில் நின்ற பெண்ணிடம், "நின்னு போனது திரும்ப வந்தா நல்லதும்மா. உடம்பு இளசாகுதுன்னு அர்த்தம்," என்று சொல்லி முடித்திருந்தார். கொத்தனார் போட்ட கூச்சலில் அவர் சொன்னதை யாரும் யோசிக்கவில்லை. கேட்ட பெண்ணும் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவளுக்குச் சலவைக்கூடத்தில் பெரியக்கா என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுத்தன. ரத்தம் பட்டவை தனி மூட்டையில் வரும்; அவற்றை முதலில் பச்சைத்தண்ணீரில்தான் போட வேண்டும், வெந்நீர் பட்டுவிட்டால் கறை விரிப்போடு கல்யாணம் கட்டிக்கொள்ளும். இருபது வருஷமாக அந்த மூட்டைகளைப் பிரித்தவள் என்பதால் பெரியக்காவிடம் ரத்தத்துக்கு ஒரு அளவு இருந்தது. முழு விரிப்பும் நனைந்திருந்தால் ஆபத்து, பாதி நனைந்திருந்தால் பிழைத்துக்கொள்வார்கள். மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் கழித்துத் தனக்குப் படத் தொடங்கியபோதும் அதே அளவைத்தான் வைத்துப் பார்த்தாள். கைக்குட்டை அகலம்கூட இல்லை. இதற்கெல்லாமா டாக்டரைப் பார்ப்பார்கள் என்று விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த பல் அவள் நாத்தனாருடையது. "வெயில்ல நிக்கிற இல்ல அண்ணி, சூடுதான்," என்று அவள் சொன்னபோது கடைவாய்ப்பல் பறந்து சுவர்க் கடிகாரத்தை நிறுத்தியது. அதன்பின் பொதுக்கூட்ட மேடையில் கர்ப்பப்பை லேகியம் விற்க வந்தவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, அறுவைச் சிகிச்சையே வேண்டாம், எந்தக் கட்டியும் கரைந்து ஓடிவிடும் என்றார். அவருடைய பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக் கிளம்பின. முன்வரிசையில் மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. லேகியக் குப்பிகளை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனர் நெற்றியில் வாங்கி அங்கேயே செத்துப்போனார். அன்றுதான் தெருவுக்கு விஷயம் விளங்கியது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றித் தப்பாகச் சொன்னால் பல் தெறிக்கும். தெரிந்து சொன்னாலும் தெறிக்கும், தெரியாமல் சொன்னாலும் தெறிக்கும். பல்லுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

வாயைக் கட்டுப்படுத்துவதைவிடக் கேள்வியைக் கட்டுப்படுத்துவது சுலபம் என்று பலருக்குத் தோன்றியது. சந்தேகம் கேட்ட மருமகள்கள் அறை வாங்கினார்கள். வெளியே கிளம்பும் முன் மனைவியின் வாயில் துண்டைக் கட்டிவிட்டுப் போன கணவர்களும் இருந்தார்கள். மருந்துக்கடையை ஒரு கூட்டம் அடித்து நொறுக்கியது. அதில் பாதிப் பேர் பொக்கை வாயோடு வந்தவர்கள். தெருக்கோடியில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸ் மட்டும் நாள் முழுக்கப் பெண்களிடம் பேசியும் பல் குறையாமல் இருந்தது அவர்களுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. கட்டிய பல்லாகத்தான் இருக்கும் என்று நாலு பேர் அவளை நாற்காலியோடு சாய்த்து அமுக்கி, குறடு வைத்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேரோடும் சதையோடும் வந்தது. "சொந்தப் பல்லுதான்பா," என்று ஒருவன் ஏமாற்றத்தோடு சொல்ல, குறட்டைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் வீங்கிய தாடையோடு நர்ஸ் கதவைத் திறந்தாள். அவளிடம் மந்திரம் எதுவும் இல்லை. தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

இவ்வளவு நடந்தும் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்தவள் உடம்பைப் பற்றிச் சொன்ன பொய்தான் வெளியே தெறித்தது. தன் உடம்பைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட பொய் உள்பக்கம் திரும்பியது. பெரியக்கா ஏழு பற்களை அப்படித்தான் இழந்திருந்தாள். "என்னக்கா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்று இயந்திரத்தின் மறுமுனையில் விரிப்பை மடிப்பவள் கேட்கும்போதெல்லாம், "எனக்கு ஒண்ணுமில்லடி," என்பாள். ஒரு பல் கழன்று நாக்கைக் கிழிக்கும். ரத்தத்தோடு அதை விழுங்கிவிட்டு அடுத்த விரிப்பை உருளைக்குள் கொடுப்பாள். சலவைக்கூடத்தில் எல்லாப் பெண்களும் வாயைப் பொத்தித்தான் சிரித்தார்கள். அது அடக்கம் என்று மேலாளர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கணவர் கறிக்கடைக்காரர். நாள் முழுக்க ரத்தத்தில் நிற்கிறவருக்குத் தன் படுக்கையில் கண்ட கறை தாங்கவில்லை. இந்த வயசில் இதென்ன அசிங்கம், யாரிடம் போய் வந்தாய் என்று கேட்டபோதே அவருடைய இரண்டு பற்கள் கதவில் பதிந்தன. அந்த ஆத்திரத்தையும் சேர்த்து அவள்மேல் காட்டினார். எலும்பு வெட்டும் கட்டையால் அடித்ததில் இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. தரையில் கிடந்தவளின் வயிற்றில் மிதித்தார். பிறகு கைகால் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு, கை போனால் சம்பளமும் போய்விடுமே என்று அவரே சின்ன ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

"படியில வழுக்கி விழுந்துட்டா," என்றார். வீட்டில் படியே கிடையாது. நாலு பற்கள் ஒன்றாகப் பறந்து மருந்து அலமாரியை உடைத்தன. வாயைப் பொத்திக்கொண்டு, "வேற ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா," என்று முனகினார். அதற்குத் தெறித்த பல் அவருடைய உள்ளங்கையைத் துளைத்துவிட்டுப் போனது.

நர்ஸ் அவரைப் பார்க்கவேயில்லை. "நீங்க சொல்லுங்கக்கா. எங்க வலிக்குது?"

பெரியக்கா ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். முன்பல் ஒன்று ஈறில் அசைந்தது. அதை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இவரு அடிச்சாரு. கை ஒடிஞ்சிருக்கு," என்றாள். பல் நின்றது. "நின்னு போய் ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பப் படுது சிஸ்டர். கொஞ்சந்தான். விரிப்புல வர்றதோட பாத்தா ஒண்ணுமே இல்ல."

"விரிப்புக் கணக்கு இதுக்கு ஆகாதுக்கா. நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டர் பாத்தே ஆகணும். என்னன்னு எனக்குத் தெரியாது. சாதாரணமாவும் இருக்கலாம், புத்துநோயாவும் இருக்கலாம். சோதிச்சாத்தான் தெரியும்."

"அவ வரமாட்டா," என்றார் கறிக்கடைக்காரர்.

"வர்றேன்," என்றாள் பெரியக்கா. அவர் சொன்னது பொய்யானது; இந்த முறை பறந்தது அவருடைய கடைசி முன்பல். அது பட்டு மின்விசிறி நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தபோது கர்ப்பப்பையில் புற்று ஆரம்ப நிலையில் இருந்தது. எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவள் படுத்த விரிப்பு அவளுடைய கூடத்துக்கே வெளுக்கப் போனது. மடிப்பவள் அதைப் பச்சைத்தண்ணீரில் போட்டு, அழுதுகொண்டே அலசினாள். தையல் பிரித்ததும் பெரியக்கா கறிக்கடைக்காரர் வீட்டுக்குத் திரும்பவில்லை, சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். அவர் எலும்புக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

வருஷங்கள் போயின. தெருவில் பல் கட்டும் கடைகள் நாலைந்து வந்தன. கட்டிய பற்களும் தெறிக்கவே செய்தன, விலை மட்டும் அதிகம். புது மருந்துக்கடைக்காரர் பெண்கள் எது கேட்டாலும் தெருக்கோடியைக் கைகாட்டினார். அவருக்கு எல்லாப் பல்லும் இருந்தது. ஒண்ணுமில்லை என்று சொல்லிப் படுத்த பெண்களின் பற்கள் ஆஸ்பத்திரித் தலையணை உறைகளில் வருவது குறையாததால், உருளையில் சிக்காமல் இருக்க உறைகளை உதறிப் போட இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு வாளி வைத்தார்கள். நிறைந்தால் குப்பையோடு போகும்.

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, விவரம் தெரியாமல், "உடம்பு எப்படியிருக்குக்கா?" என்று பெரியக்காவிடம் கேட்டாள். மற்றவர்கள் பழக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இடுப்பு வலிக்குது. கைய மழைக்காலத்துல தூக்க முடியல. கோவமும் வருது," என்றாள் பெரியக்கா.

எதுவும் விழவில்லை. விரிப்பின் இரண்டு முனைகளைப் புதியவளின் கையில் கொடுத்துவிட்டு, உருளையை ஓடவிட்டாள்.