வலக்கைப் பக்கம்

பகீத் அந்த வடக்கத்திப் பாலைவனத்துக் கிழவருக்கு வலக்கையை நீட்டி வழி காட்டியபோது தன் இடக்கையால் ஒரு கன்றின் காதைப் பிடித்திருந்தார். கன்று இழுத்த இழுப்பில் ஓர் அத்தி மரத்தைச் சுற்றி முக்கால் வட்டம் ஓடி, மூச்சு வாங்க நின்றிருந்தார். சாரல் காலத்து மூடுபனி மலையை முழுசாக விழுங்கிவிட்டிருந்தது. நீட்டிய கையின் விரல்களே மங்கலாகத்தான் தெரிந்தன.

வந்தவர் முறை தெரிந்த மனிதர். எடுத்ததும் வழி கேட்கவில்லை. ஸலாம் சொல்லி, என்ன சேதி என்று கேட்டு, நல்ல சேதிதான் என்று பதில் வாங்கி, தன் பக்கத்துச் சேதியும் நல்லதுதான் என்று சொல்லி, அதன் பிறகே அருவி எந்தப் பக்கம் என்றார். வெள்ளை அங்கியில் முழங்கால்வரை சேறு. சிரித்தால் பல் இல்லை.

"பொறந்ததுலேருந்து மணலைத்தான் பாத்திருக்கேன் தம்பி. தண்ணி மேலேருந்து விழுறத ஒருதரம் கண்ணால பாத்துட்டேன்னா போதும்."

"வலக்கைப் பக்கமாவே போங்க. கிட்டத்தான்," என்றார் பகீத்.

அது பொய். அருவிக்கு இடக்கைப் பக்கம் இறங்க வேண்டும். வலக்கைப் பக்கம் கொஞ்சம் ஏறினால் தார்ச்சாலைதான். சாலையைக் கண்டதும் மனிதர் ஏதாவது வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த வழியே போய்விடுவார் என்பது பகீத்தின் கணக்கு. கிழவர் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபமெல்லாம் மற்றவர்கள் மேல். சாரல் தொடங்கினால் போதும், ரியாத்திலிருந்தும் குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கிவிடுகிறார்கள். அங்கே வெயில் கல்லைப் பொசுக்குகிறதாம், இங்கே பச்சையைப் பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டுப் போனால் யார் வேண்டாம் என்றது? புல்தரையில் வண்டியை வட்டம் சுற்ற விடுகிறார்கள். கரி அடுப்பை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளின் மூத்திரத் துணியைச் சுருட்டி மரத்தடியில் எறிகிறார்கள். போன வருஷம் அவருடைய கறவைப் பசு ஒன்று பிளாஸ்டிக் பையைத் தின்று வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தபோது உள்ளே கிழிந்த பலூன் ஒன்றும் இருந்தது. அதில் ஏதோ எழுத்து. பகீத்துக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் படித்திருக்க மாட்டார்.

இது போதாதென்று, இந்தச் சாரலில் கீழே ஸலாலா நகரத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து மேய்ச்சல் சரிவைக் காலால் அளந்துவிட்டுப் போயிருந்தான். விளிம்பில் மேடை கட்டுவார்களாம், கம்பி இழுத்து ஆளைத் தொங்கவிட்டு இந்த மலையிலிருந்து அந்த மலைக்குத் தள்ளுவார்களாம். "எதுக்குத் தள்ளணும்?" என்று பகீத் கேட்டதற்கு, "சந்தோஷத்துக்கு" என்றான் அவன். இன்னோர் ஆளை அனுப்புவதாகவும் சொல்லியிருந்தான்.

கன்றைக் கொட்டகையில் அடைத்துவிட்டு வந்து, நடந்ததை மனைவி துஃபூலிடம் சொன்னார். அவள் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"வயசான மனுஷன்கிட்ட போயா உன் வீரத்தைக் காட்டுனே?"

"சாலைக்குத்தானே அனுப்பினேன். பாதாளத்துக்கா அனுப்பினேன்?"

"எந்த மரத்துக்கிட்ட நின்னே? மேல் அத்தியா, கீழ் அத்தியா?"

பகீத் திரும்பிச் சரிவைப் பார்த்தார். சரிவில் இரண்டு அத்தி மரங்கள் உண்டு. மேல் மரத்திலிருந்து வலக்கைப் பக்கம் சாலை. கீழ் மரத்திலிருந்து வலக்கைப் பக்கம் மலை விளிம்பு. விளிம்பையொட்டி ஓர் ஆட்டுத் தடம் அருவிக்கு இறங்குகிறது. நல்ல வெயில் காலத்திலேயே அதில் ஆடுதான் இறங்கும். சாரலில் பாசி பிடித்து ஆடும் இறங்காது. கன்று முதலில் மேலேதான் ஓடியது. அப்புறம் கீழே இழுத்தது. பிறகு மறுபடி மேலேயா, இன்னும் கீழேயா? காதைப் பிடித்தது எந்த மரத்தடியில்?

"மரம்தான்... அத்தி மரம்," என்றார்.

"ரெண்டும் அத்திதான்யா!"

பொய் சொன்னது நிச்சயம். ஆனால் அது பொய்யாகத்தான் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியவில்லை. மேல் மரமாக இருந்தால் பொய், கிழவர் பத்திரம். கீழ் மரமாக இருந்தால் வாய் தவறி உண்மையைச் சொல்லியிருக்கிறார், அருவிக்கு அதுதான் குறுக்கு வழி. இப்படி ஒரு கூத்து உண்டா? தன் பொய் பலித்திருக்க வேண்டுமே என்று ஒரு மனிதன் அல்லாஹ்விடம் கேட்க முடியுமா?

கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதே நேரத்தில் மூடுபனியைப் பிளந்துகொண்டு ஓர் ஆள் வாசலுக்கு வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைப்பாகையிலிருந்து தண்ணீர் சொட்டியது. செருப்பில் ஒன்றைக் காணோம்.

"ஸலாம் அலைக்கும், பெரியவரே."

"வஅலைக்கும் ஸலாம். உள்ள வா."

வேறென்ன சொல்ல முடியும்? வாசலுக்கு வந்தவனுக்குப் பால் கொடுக்காமல் அனுப்பினால் இந்த மலையில் அந்த வீட்டுப் பெயர் ஏழு தலைமுறைக்கு நாறும். பகீத் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். வந்தவனும் பாயின் நுனியில் உட்கார்ந்தான்.

"என்ன சேதி?"

"நல்ல சேதிதான். உங்க பக்கம்?"

"குறையொண்ணும் இல்ல. வேற சேதி?"

"வேற ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லபடி."

பாலில் போடுவதற்காக அடுப்பில் கிடந்த கற்கள் இன்னும் சூடேறவில்லை. விறகு ஈரம். துஃபூல் ஊதினாள். பகீத் வாசலைப் பார்த்தார். வந்தவனும் வாசலைப் பார்த்தான். அவன் பார்வை சரிவில் மேலும் கீழும் போய்வந்தது. பகீத்துக்குப் புரிந்துவிட்டது. கம்பெனிக்காரன் அனுப்புவதாகச் சொன்ன ஆள் இவன்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே நிலத்தை அளக்கிறான் பார்.

"இந்த வருஷம் பனி அதிகம்," என்றான் வந்தவன்.

"எந்த வருஷமும் அதிகம்தான்."

"இந்தப் பக்கம் விளிம்பு ஏதாச்சும் இருக்குங்களா?"

மேடை கட்ட இடம் பார்க்கிறான்! "விளிம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மண்ணு சரியில்ல. எதை நட்டாலும் நிக்காது," என்றார் பகீத்.

அவன் தலையாட்டினான். இவன் குடித்துத் தொலைத்தால் எழுந்து ஓடலாம், வடக்கத்திக் கிழவரைத் தேடலாம் என்பதுதான் அவர் மனசு முழுக்க. விருந்தாளி முன்னால் அவசரப்படுவது அவமரியாதை என்று சப்பணம் கட்டி, நிலத்தில் வேர் விட்டவரைப் போல அமர்ந்திருந்தார்.

ஒருவழியாகக் கற்கள் சூடாகிப் பாலில் விழுந்து சீறின. கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் வந்தவன் ஒரே மூச்சில் குடித்தான். நாக்கு வெந்திருக்கும். கிண்ணத்தைக் கீழே வைத்த கையோடு பேசினான்.

"பெரியவரே, என் பேரு ஹிம்யர். எங்கப்பாவைக் காணோம். மத்தியானம் லுஹர் தொழுதுட்டு அருவி பாத்துட்டு வர்றேன்னு போனவரு. போனு வண்டியிலயே கெடக்கு."

துஃபூல் முந்திக்கொண்டாள்.

"அட பாவி மவனே! வாசல்லயே சொல்றதுக்கு என்ன?"

"வயித்துல ஒரு வாய் எறங்குறதுக்கு முன்னாடி கெட்ட சேதி வாயில வரக்கூடாதுன்னு அப்பாதான் வளத்தாரும்மா. வந்த வீட்ல..." அவன் எழுந்து நின்றான். "அவரு பேரு ஷாமிஸ். பல்லு இல்ல."

"வண்டி எங்க?" என்றாள் துஃபூல்.

"மேல சாலையில. கதவு தொறந்தேதான் இருக்கு."

"நான் போயி வண்டி ஊதலை அமுக்கிட்டே இருக்கேன். கிழவரு சாலைப் பக்கம் இருந்தா சத்தத்தைப் பிடிச்சு வந்துருவாரு. நீங்க ரெண்டு பேரும் கீழ போங்க." துஃபூல் முக்காட்டை இறுக்கிக்கொண்டு பனிக்குள் போனாள். பிறந்ததிலிருந்து வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்திராதவள்.

ஹிம்யர் தலைப்பாகையை அவிழ்த்து ஒரு நுனியைப் பகீத்திடம் கொடுத்தான். மறுநுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். அப்படித்தான் நடந்தார்கள். துணி இறுகினால் அவன் இருக்கிறான் என்று பொருள்.

மேல் அத்தி மரத்தடியில் கன்றின் குளம்புத் தடம் இருந்தது. பகீத்துக்கு உயிர் வந்தது. கீழ் அத்தி மரத்தடிக்குப் போனார்கள். அங்கேயும் குளம்புத் தடம். இரண்டு இடத்திலும் செருப்புத் தடங்கள், பூட்ஸ் தடங்கள், குழந்தைக் கால்கள், வண்டிச் சக்கரம். ஊரே வந்து மிதித்துவிட்டுப் போயிருக்கும்போது எதை வைத்து எதைப் படிப்பது? சொந்த மலையில், தன் பசுவின் குளம்பை இருட்டில் தடவியே சொல்லக்கூடிய மனிதர், குனிந்து குனிந்து பார்த்து நிமிர்ந்தார்.

அப்போது ஊதல் சத்தம் கேட்டது. சாலை மேலே இருந்தது. சத்தமோ கீழே பள்ளத்திலிருந்து வந்தது. பிறகு முதுகுப் பக்கமிருந்து வந்தது.

"அது எங்க வண்டிதானா?" என்றான் ஹிம்யர்.

"உன் வண்டிதான். பனி அதைத் தூக்கிட்டு அலையுது." பகீத் நின்றார். துணி இறுகியது. "தம்பி, உங்கப்பாவை நான் பாத்தேன். வழி கேட்டாரு. நான்தான் காட்டினேன்."

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்! அப்ப எங்க இருக்காருன்னு தெரியுமே!"

"தப்பா காட்டினேன்."

"தவறிப்போச்சா?"

"தவறல. வேணும்னே."

துணியின் மறுநுனி ஒருதரம் வெடுக்கென்று இழுபட்டது. பிறகு, "எந்தப் பக்கம் காட்டினீங்க?"

"வலக்கைப் பக்கம்."

"அது தப்பான பக்கமா?"

"மேல் மரமா இருந்தா தப்பான பக்கம். அப்படின்னா நல்லது. கீழ் மரமா இருந்தா சரியான பக்கம். அதான் பயமா இருக்கு."

"என்ன சொல்றீங்க பெரியவரே? ஒண்ணும் புரியலயே!"

"எனக்கே புரியல. உனக்கு எப்படிப் புரிய வைப்பேன்?"

அடிப்பான் என்று பகீத் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. பால் குடித்த வீட்டு மனிதனை என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை போலும். "ஏன்?" என்று மட்டும் கேட்டான். பகீத்துக்குப் பசு, பலூன், கரி, கம்பி, மேடை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சில் வந்து நின்றன. அவற்றில் எதையும் அந்தப் பல்லில்லாத சிரிப்புக்குப் பக்கத்தில் வைக்க முடியவில்லை.

"நட," என்றார்.

கீழ் மரத்திலிருந்து வலக்கைப் பக்கம் போனார்கள். பகீத் தடியால் தட்டித் தட்டிப் பார்த்து அடி வைத்தார். ஆட்டுத் தடம் தொடங்கும் இடத்தில் பாசியை யாரோ வழித்தெடுத்ததுபோல நீளமாக ஒரு சறுக்கல் அடையாளம். செம்மண் தெரிந்தது. பசு சறுக்கியிருக்கலாம். அட்டையில் உட்கார்ந்து சறுக்கி விளையாடும் பிள்ளைகள் செய்திருக்கலாம். ஹிம்யர் அதைப் பார்த்ததும் இறங்கப் போனான். பகீத் துணியை இரண்டு கையாலும் பிடித்து, வர மறுத்த மாட்டைப் போல அவனைப் பின்னுக்கு இழுத்தார். இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

"விடுங்க! எங்கப்பா அங்க கெடக்காரு!"

"கெடக்காரா இல்லையான்னு தெரிஞ்சா எறங்கலாம். தெரியாம எறங்கினா ரெண்டு சாவு."

"அப்பாஆ!"

பள்ளத்திலிருந்து ஒரு குரல் "ஆ" என்றது. மனிதக் குரலா, எதிரொலியா, பசுவா? இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மறுபடி ஊதல் சத்தம் வந்து அதை மூடிவிட்டது. துஃபூல் கையை எடுக்கவே போவதில்லை.

அப்போது கடலிலிருந்து ஒரு காற்று எழுந்து வந்தது. காலுக்குக் கீழே மூடுபனி கிழிந்தது. பகீத் எத்தனையோ சாரல் பார்த்தவர், இப்படிக் கிழிந்து பார்த்ததில்லை. அருவி பக்கத்துப் பாறையிலிருந்து வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயில் அடித்ததுபோலத் துலங்கியது. பச்சைத் தண்ணீரில் மிதிபடகுகள், வரிசையாக வண்டிகள், கம்பளங்கள், அடுப்புப் புகை. கரையெல்லாம் மனிதர்கள், எறும்பளவு. ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே வெள்ளை அங்கி. தடி ஊன்றியவர்கள் இருந்தார்கள், குனிந்தவர்கள் இருந்தார்கள், கல்மேல் தனியாக உட்கார்ந்து அருவியையே அண்ணாந்து பார்த்தவர்களும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

ஹிம்யர் எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"அப்பாஆஆ! ஷாமிஸப்பாஆ!"

கீழே தலைகள் நிமிர்ந்தன. மலை உச்சியில் துணியின் இரு முனையைப் பிடித்து நிற்கும் இரண்டு பேரைக் கண்டார்கள். முதலில் ஒரு குழந்தை கையசைத்தது. அப்புறம் படகிலிருந்த பெண்கள். அப்புறம் கரையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக, தனியாகக் கல்மேல் இருந்தவர்களும் சேர்ந்து, எல்லாரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள். சிலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"எது? இதுல எது எங்கப்பா? பெரியவரே, நீங்க பாத்தீங்களே, சொல்லுங்க!"

பகீத் கண்ணை இடுக்கினார். ஒரு கை மற்றவற்றைவிட மெதுவாக ஆடியதுபோல இருந்தது. அதைப் பிடித்துக்கொள்வதற்குள் மூடுபனி மீண்டும் ஏறியது. முதலில் படகுகள் போயின, பிறகு கரை, பிறகு கைகள். எதுவும் தெரியாமல் போன பின்பும் தன்னுடைய கை மேலே தூக்கியபடி ஆடிக்கொண்டிருப்பதைப் பகீத் கண்டார்.