சவுரிமுத்து சிடியைக் கேட்ட ஒரே ஆள்

கோயில் திருவிழா முடிகிறவரைக்கும் சவுரிமுத்து மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் மெழுகுவர்த்திக் கடை, அந்தப் பக்கம் மிளகாய் பஜ்ஜிக் கடை, நடுவில் இவருடைய பாட்டு சிடி. மெழுகுவர்த்தி வாங்கின கூட்டம் பஜ்ஜிக்குப் போக வேண்டுமென்றால் இவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டித்தான் போனார்கள்.

நின்று பார்த்தவர்களும் உண்டு. காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி சிடியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "லிங்க் எங்க போட்டிருக்கு அங்கிள்?" என்று கேட்டாள். ஒரு பெரியவர் பக்தியோடு கையில் வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். பஜ்ஜிக்கடை அம்மா மட்டும்தான் நாள் முழுக்க இவரோடு பேசினாள். "எண்ணெ தெறிக்குது, உன் பெட்டிய கொஞ்சம் அப்பால தள்ளிக்கோ."

சவுரிமுத்து பெயிண்டர். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு. வேலை சிட்லபாக்கம், சேலையூர் என்று தாம்பரத்தைச் சுற்றி எங்கே கூப்பிட்டாலும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழு. சுவருக்குப் பட்டி பூசி மட்டம் பார்க்கும்போது மனசுக்குள்ளேயே கட்டின பாட்டுகளில் எட்டைப் பொறுக்கி எடுத்து, அனகாபுத்தூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாடி, 'மந்தையின் வாசலில்' என்று பேர் வைத்து சிடியாகப் போட்டுவிட்டார். அட்டையிலும் அவர் முகம், உள்ளே தட்டிலும் அவர் முகம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து வெளியிட்டார். கோயிலே கை தட்டியது. தட்டி முடித்ததும் எல்லோருக்கும் வீட்டில் வேலை இருந்தது.

"அண்ணா, எவன் வூட்ல சிடி போடுற மெஷின் கீது?" என்றான் கூட வேலை பார்க்கிற ஜெரோம். "ஸ்டுடியோக்காரன் உன் போனுக்கு அனுப்பிச்சான்ல, அதையே எல்லாருக்கும் தட்டி வுடேன்."

"போன்ல வர்றது குட்மார்னிங் படம்டா. பாட்டுன்னா கையில புடிக்கணும். அட்டையத் தொறக்கணும். யாரு பாடுனா, யாரு தபேலான்னு படிக்கணும்."

"படிச்சிட்டு?"

"படிச்சிட்டு கேக்கணும்."

"எதுல?"

சவுரிமுத்து பிரஷ்ஷை நனைக்கப் போய்விட்டார். தானும் அந்தப் பாட்டுகளைப் போனில்தான் கேட்கிறோம், சிடியை ஒரு தடவைகூட எதிலும் போட்டுப் பார்த்ததில்லை என்பதை அவர் ஜெரோமிடம் சொல்லவில்லை.

விற்காத பெட்டிகள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. நல்ல மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தபோது, உள்ளே வந்துவிடுமோ என்று பயந்து பெட்டிகளைக் கட்டில்மேல் ஏற்றினார். தண்ணீர் வரவில்லை. ஆனால் அவர் மனைவி அருள்மேரி அன்றைக்குத் தரையில் படுக்க வேண்டியதாயிற்று. விடிந்ததும் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அடுத்த சிடிக்கு வேற பாட்டு கட்டிகினு கீறியாமே. ஜெரோம் சொன்னான்."

"சும்மா, ரெண்டு மூணு."

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. உன் சிடிய மொதல்லருந்து கடைசி வரிக்கும் கேட்ட ஒரு ஆளக் காட்டு. ஒரே ஒரு ஆளு. காட்டிட்டன்னா நீ எத்தினி சிடி வேணும்னாலும் போடு, நான் தரையிலயே படுத்துக்கறேன். காட்டலன்னா இத்தோட வுட்டுடு. கோயில்ல பாடு, போதும்."

"நீ கேட்டியே."

"நீ பல்லு வெளக்கறப்ப பாடி, குளிக்கறப்ப பாடி, காது தேஞ்சு போய் கேட்டேன். நான் கணக்குல வரமாட்டேன். அப்பறம், சூப்பர்னு சொல்றவங்கள இட்டாராத. எந்தப் பாட்டுன்னு கேளு."

ஒரு ஆள் என்ன, பத்து ஆள் காட்டுகிறேன் என்று கிளம்பினார் சவுரிமுத்து. பத்து ஆள் கிடைக்கவும் செய்தார்கள். 'சூப்பர் பிரதர்' என்றார்கள். 'ஆண்டவர் உங்களைப் பயன்படுத்துறார்' என்றார்கள். எந்தப் பாட்டு என்று கேட்டதும் எல்லோருமே மேலே பார்த்து யோசித்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்கள். "அந்த மாதா பாட்டு."

கத்தோலிக்கர் சிடி போட்டால் அதில் மாதா பாட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். கேட்காமலே தைரியமாகச் சொல்லலாம். இவருடைய எட்டில் மட்டும் மாதா பாட்டு இல்லை. மாதாவுக்கு ஒன்று கட்டத்தான் பார்த்தார், மெட்டு அமையவில்லை.

அந்த வாரம் சிட்லபாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக்கு வெளிப்பூச்சு. சவுரிமுத்துவும் ஜெரோமும் சாரத்தில் ஏறி இரண்டாம் மாடி பால்கனிக்கு நேராக வந்தபோது, சவுரிமுத்து தன் முகத்தையே எதிரில் பார்த்தார். அது துணிக் கொடியில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டு, காற்றுக்கு இப்படியும் அப்படியும் சுற்றியது. அது பாடகர் குழுவில் கூடப் பாடுகிற ஜான்சியின் வீடு.

ஜான்சி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "வாங்கண்ணா, உங்க பாட்ட நினைச்சுட்டே இருந்தேன். அந்த மாதா பாட்டு இருக்கே, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"இன்னாக்கா, பாட்டு கொடியில காயுது?" என்றான் ஜெரோம்.

ஜான்சி திரும்பிப் பார்த்தாள். "அது வந்து... புறாத் தொல்லை தாங்கல அண்ணா. என்னென்னவோ கட்டிப் பார்த்தோம். உங்க சிடியக் கட்டினதுலேருந்து ஒண்ணுகூட வர்றதில்ல. ஆசீர்வாதம்தான்."

"அண்ணா," என்றான் ஜெரோம் காதோரமாக, "புறா முழுசா கேட்டுக்கீது. அதான் வர்றதில்ல."

சவுரிமுத்து அடுத்த சுவருக்கு நகர்ந்தார். அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மேல சவுரிமுத்துவா? கொஞ்சம் இறங்கி வாங்களேன். உங்க சிடி விஷயமாப் பேசணும்."

கீழ்வீட்டு சத்தியநாதன். பேங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிஎஸ்ஐ சபைக்காரர். போன தடவை அவர் வீட்டு உள்பூச்சு முடித்தபோது சவுரிமுத்து ஒரு சிடி கொடுத்திருந்தார். இறங்கி வந்ததும் சத்தியநாதன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், கையில் பெயிண்ட் இருப்பதையும் பார்க்காமல்.

"வீட்ல போடறதுக்கு வசதியில்ல. என் பழைய கார்ல பிளேயர் இருக்கு. செங்கல்பட்டு போகும்போதெல்லாம் உங்களதுதான். முழுசா மூணு தடவை கேட்டாச்சு."

சாரத்தில் நிற்கும்போது வராத நடுக்கம் சவுரிமுத்துவுக்குத் தரையில் வந்தது. "எந்தப் பாட்டு சார் புடிச்சிது?"

"பாட்டா?" சத்தியநாதன் நெற்றியைச் சுருக்கினார். "பாட்டுன்னு ஒண்ணும் வரலையே. தேவசெய்திதானே முழுக்க. ரொம்ப ஆழம். அந்தக் குடற்புழு நீக்கம் இருக்கே, அத கேட்டுட்டு வண்டிய ஓரமா நிறுத்திட்டேன்."

"எது சார்?"

"குட்டிக்குக் காலாகாலத்துல குடற்புழு மருந்து கொடுக்கணும்னு சொல்றீங்களே. நம்ம உள்ள இருக்கற பாவத்ததானே சொல்றீங்க? எங்க ஜெபக் கூட்டத்துல அத வச்சுதான் பேசினேன். என் மிஸ்ஸஸ் ஹில்டா லேசுல அழ மாட்டாங்க. அன்னிக்கு அழுதுட்டாங்க."

காருக்குள் உட்காரவைத்துப் போட்டும் காட்டினார். ஒரு ஆள் மூக்கால் பேசினான். பரண் அமைத்து ஆடு வளர்க்கிறவர்கள், புழுக்கை கீழே விழுவதற்குப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும் என்றான். சத்தியநாதன் கண்ணை மூடித் தலையாட்டினார். "பாருங்க. இடைவெளி."

சவுரிமுத்து வெளியே வந்து, சிடி அடித்துக் கொடுத்த கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அந்த நேரத்துல ஆட்டுப் பண்ணைப் பயிற்சிக்கு ஒரு ஆர்டர் ஓடிச்சுண்ணா, மாறியிருக்கும்," என்றார் அவர் நிதானமாக. "அப்படின்னா உங்க பாட்டு அவங்ககிட்ட இருக்கும். அவங்களும் ஒண்ணும் சொல்லலையே."

ஜெரோம் இறங்கி வந்து கதையைக் கேட்டான். சிரித்து முடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. சத்தியநாதன் கார் ஜன்னலை இறக்கிக் கேட்டார்: "இரண்டாம் பாகம் எப்போ? சினை ஆடு பராமரிப்போட நிறுத்திட்டீங்க."

"சீக்கிரம்னு சொல்லு," என்று ஜெரோம் முழங்கையால் இடித்தான். "மொதல்லருந்து கடைசி வரிக்கும் கேட்ட ஆளத்தான் அண்ணி கேட்டுது. இன்னாத்த கேட்டாருன்னு கேக்கல. இவர இட்டுனு போனா முடிஞ்சிது."

சவுரிமுத்து சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இந்த ஒருத்தரும் போனால் வேறு ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காருக்குள் அந்த மூக்குக் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. உலகத்தில் ஒரு மனுஷன் அதைச் சவுரிமுத்துவின் குரல் என்று நினைத்துக்கொண்டு செங்கல்பட்டு போய் வருவதை அவரால் தாங்க முடியவில்லை.

"சார், அது நான் இல்ல. யாரோ ஆட்டுக்காரன். கடையில மாத்திட்டாங்க. என் குரல் அப்டியா கீது சார்?"

சத்தியநாதன் பிளேயரைப் பார்த்தார், சவுரிமுத்துவைப் பார்த்தார், வீட்டு வாசலில் ஹில்டா நிற்கிறாரா என்றும் ஒரு தடவை பார்த்தார்.

"அப்போ உங்க பாட்டு?"

"போன்ல கீது சார். அனுப்பட்டா?"

"போன்ல எனக்குச் சரியாக் கேக்காது. ஏறி உட்கார்ந்து பாடுங்க."

பிளேயரை நிறுத்தி, ஜன்னலை ஏற்றி, ஏசியைக் குறைத்தார். சவுரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவது பாட்டைப் பாடினார். வாசல் தெரியாமல் சுற்றி வந்தவனுக்காக விளக்கு வைத்துக் காத்திருந்த கதை. ஆட்டுக்காரனைக் கேட்ட அதே முகத்தோடு, அதே மாதிரி கண்ணை மூடி, சத்தியநாதன் கடைசி வரி வரைக்கும் கேட்டார். மாதா பாட்டு இல்லையா என்று கேட்கவில்லை. சூப்பர் என்றும் சொல்லவில்லை.

"மெட்டு நல்லாருக்கு," என்றார். "ரெண்டாவது சரணம் இழுக்குது. மொத சரணத்துல சொன்னதையே வேற வார்த்தையில சொல்றீங்க. ஆட்டுக்காரர் பாருங்க, சொன்னத திரும்பச் சொல்லவே இல்ல."

சவுரிமுத்துவுக்குக் கோபம் வந்தது. குடற்புழுவுக்கு வண்டியை நிறுத்துகிறவருக்குச் சரணத்தைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் பொரிந்துகொண்டே சாரத்தில் ஏறினார். ஏறி, ரோலரைப் பெயிண்டில் தோய்த்து, இரண்டாவது சரணத்தை மெதுவாகப் பாடிப் பார்த்தார். மறுபடியும் பாடினார். ஒரு வரியை எடுத்துவிட்டுப் பாடினார்.

"அண்ணா, இந்தச் செவுரு முடிஞ்சிது," என்றான் ஜெரோம். "மூணாவது வாட்டி அடிக்கிற."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அருள்மேரி கொழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"இன்னா, ஆளு கெடைச்சுதா?"

"ஒருத்தரு கேட்டாரு. சிடியில இல்ல, நேர்ல. ஒரு பாட்டுதான். ஆனா முழுசா."

"சூப்பர்னாரா?"

"ரெண்டாவது சரணம் இழுக்குதாம்."

அருள்மேரி கையை எடுத்து, புளியை உதறிவிட்டு, முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நெசமாவே கேட்டுகீறாரு," என்றாள்.