முதுகில் பட்ட சூடு

என் கொழுந்தன் இஷென்பெக்கின் வேனைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னது கிடையாது. இனிமேலும் சொல்ல மாட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே ஓடத் தொடங்கிவிட்ட வண்டி அது. உருளைக்கிழங்கு ஏற்றுவான், ஆடு ஏற்றுவான், சந்தை நாளில் ஆள் ஏற்றுவான். ஆடு இறங்கிய இடத்திலேயே ஆள் உட்கார வேண்டும்.

வண்டிக்கு அடியில் புகைக்குழாய் உட்காரும் தரையை அடியிலிருந்து உரசிக்கொண்டு வால் வரைக்கும் போகும். குழாய்க்கும் தரைக்கும் நடுவில் சூட்டைத் தடுக்க ஒரு தகடு இருக்க வேண்டுமாம். அது துருப்பிடித்து, எந்தக் கணவாயிலோ கழன்று விழுந்து எத்தனையோ குளிர்காலம் ஆயிற்று. அதற்கப்புறம் தரை வெந்து வெந்து ஓட்டையானது. இவன் வீட்டுக் கூரைத் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுப்போட்டான். அதுவும் வெந்தது. அதன் மேல் இன்னொரு துண்டு. "ஓடுற அடுப்பு வாங்கி வச்சிருக்கே" என்று நான் கேலி செய்வேன். "அப்ப வாங்க அண்ணி, வந்து ரொட்டி சுடுங்க" என்பான். அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் எங்களில் வாய் சும்மா இருக்காது.

நல்ல மெக்கானிக்கிடம் காட்டு என்று யாராவது அவனிடம் சொன்னார்களா? ஒருத்தரும் சொல்லவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். எங்கள் நாரின் மலைப் பக்கத்துக் குளிரில் அந்த வண்டியில் கால் விறைக்காத ஒரே இடம் அந்த ஒட்டுப்போட்ட தரைதான். வயசானவர்கள் ஏறினால் இளசுகள் எழுந்து அந்த இடத்தைக் கொடுக்கும். சம்பந்தி வீட்டார் வந்தால் அங்கேதான் உட்கார வைப்பார்கள். ஓட்டைத் தரை மரியாதைக்குரிய இடமாகிவிட்டது, போங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண் விழிக்கவே இல்லை. ஊரில் வாசலில் சாவுக்கான கம்பளிக் கூடாரம் போட்டுவிட்டார்கள், உறைந்த மண்ணில் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. இனி அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாக்கி. இஷென்பெக் வேனோடு வந்து நின்றான். கூடவே பெரிய மாமா, என் மாமனாரின் அண்ணன். கணவர் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, அதனால் அவர் எனக்கு எப்போதும் பெரிய மாமாதான்.

வண்டியில் ஆட்டு வாடை தூக்கியடித்தது. பெரிய மாமா தீட்டுப் போக்குகிற ஆர்ச்சா மரத்தழையைக் கொளுத்தி மூலைமுடுக்கெல்லாம் புகை காட்டினார். உள்ளே ஆள் முகம் தெரியாத அளவுக்குப் புகை. அப்புறம் தரையில் கம்பளி விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கச் சொன்னார். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனை வெறும் இரும்பிலா படுக்கவைப்பது என்று அவருக்குத் தாங்கவில்லை. மூன்று விரிப்பு. மேலே இருந்தது நான் தைத்தது.

ஒரு பக்கம் இருக்கையும் உதிரிச் சக்கரமும் அடைத்துக்கொண்டிருந்தன. மிச்சமிருந்தது அந்த ஒட்டுப்போட்ட பக்கம்தான். இஷென்பெக் தயங்கினான்.

"பெரியப்பா, அந்த இடம் கொஞ்சம் சுடும்."

"ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் அந்த இடத்தக் குடுக்குற. சொந்த அண்ணனுக்குக் குடுக்க மாட்டியா?"

இஷென்பெக் தலையைக் குனிந்துகொண்டு கால் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் மார்பில் கை வைத்துக்கொண்டேன். என் மனதில் அப்போது ஒரே ஒரு நினைப்புதான். இந்த மனிதரை ஒரு கீறல் இல்லாமல் அவர் மண்ணில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வெட்டியது போதும்.

கொச்கோர் ஊரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. டோலோன் கணவாய் ஏற்றம் தொடங்கியதும் பனி கொட்ட ஆரம்பித்தது. இஷென்பெக் சின்ன கியரில் போட்டு எஞ்சினை அலறவிட்டு ஏற்றினான். எனக்கு மூக்கில் கருகல் வாடை அடித்தது. ஏதோ கருகுகிறதே என்றேன். பெரிய மாமா முன்னாலிருந்து திரும்பாமலே அது ஆர்ச்சாப் புகை, விரிப்பில் தங்கியிருக்கிறது, நல்லதுதான் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஆர்ச்சாப் புகையில் பிறந்து ஆர்ச்சாப் புகையில் வளர்ந்தவர்கள் நாங்கள், அந்த வாடையை யார் சந்தேகப்படுவார்கள்? கண் எரிந்தது. அழுத கண்தானே என்று துடைத்துக்கொண்டேன்.

ஒரு வளைவில் வண்டி வழுக்கிக் குலுங்கியது. அவர் உடம்பு என் பக்கம் சரிந்தது. விழுந்துவிடப் போகிறாரே என்று அவசரமாகத் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து அணைத்துப் பிடித்தேன்.

முதுகு சூடாக இருந்தது.

நான் என்ன சொல்ல. பிணவறையில் அவர் கையைத் தொட்டுப் பார்த்தவள் நான், ஆற்றங்கரைக் கல் மாதிரி சில்லென்று இருந்த கை அது. இப்போது முதுகு சூடு. காய்ச்சல் வந்து படுத்திருக்கும்போது சட்டைக்குள் கை விட்டால் இருக்குமே, அதே சூடு. டாக்டர்கள் எத்தனை பேரைத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்! குளிரில் விறைத்தவர்கள் எழுந்து உட்கார்ந்த கதைகள் நம் பக்கத்தில் இல்லையா! நான் அல்லாவைக் கூப்பிட்டேன், என் வீட்டுக்காரரின் பெயரையே சொல்லிக் கூப்பிட்டேன், கல்யாணமான நாள் முதல் ஒரு தடவையும் சொல்லாத பெயர்.

"நிறுத்து. உங்கண்ணனுக்கு உசுரு இருக்கு, நிறுத்து."

வண்டி நின்றது. பெரிய மாமா விழுந்தடித்துப் பின்னால் வந்தார். நான் மாமா கையைப் பிடித்து என் வீட்டுக்காரர் முதுகுக்கு அடியில் செருகினேன். அந்தக் கிழவர் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவரும் நம்பினார். ஏதோ ஓத ஆரம்பித்தார்.

இஷென்பெக் பக்கவாட்டுக் கதவைத் திறந்து நின்றான். அவன் அண்ணனைத் தொடவில்லை. வாடையை மோந்து பார்த்தான். பிறகு மண்டியிட்டு, விரிப்பின் ஓரத்தைத் தூக்கினான். குப்பென்று புகை வந்தது.

"அண்ணி," என்றான். "அது தரை."

இரண்டாவது தடவையாக அவர் அங்கே செத்தார். முதல் தடவை எனக்கு யாரோ வந்து சொன்னது. இது என் கையில் நடந்தது.

மூன்று பேருமாகத் தூக்கி அவரை இருக்கையில் கிடத்தினோம். அடி விரிப்பில் கிண்ணம் அளவுக்குக் கரிந்த ஓட்டை, ஓரத்தில் இன்னும் நெருப்புப் பொறி ஊர்ந்துகொண்டிருந்தது. அடுத்த விரிப்பும் கருகியிருந்தது. நான் தைத்தது பழுப்பேறியிருந்தது. அவரைச் சுற்றிய வெள்ளைத் துணியில், முதுகுப் பக்கம், தேநீர் சிந்தின மாதிரி ஒரு கறை. அதற்குள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் முடிச்சில் கை வைத்தேன். பெரிய மாமா கையைப் பிடித்துக்கொண்டார். நடுரோட்டில், காற்றில், பனியில் அவனை அவிழ்க்காதே அம்மா என்று கெஞ்சினார். மண்ணில் புதைக்கிறவர்கள் நாங்கள், நரகத்து நெருப்பென்றால் எங்களுக்கு உயிரோடிருக்கும்போதே நடுக்கம். செத்தவரை நெருப்பு தொட்டதென்று யாரிடம் போய்ச் சொல்வது?

இஷென்பெக் பனியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். குழாய் இணைப்பில் உடைந்து, எஞ்சின் கக்குகிற நெருப்புக் காற்று நேராக அந்தத் தகரத்தில் அடித்திருக்கிறது. மேலே மூன்று அடுக்குக் கம்பளி, சூடு போக வழியே இல்லை. வெறும் இரும்பில் கிடத்தியிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது என்று அடியிலிருந்தே சொன்னான். பெரிய மாமா அதைக் கேட்டார்.

நான் பனியை அள்ளி அள்ளித் தரையில் கொட்டினேன். சீறிக்கொண்டு ஆவி வந்தது. ஒட்டுத் தகரம் முறுக்கிக்கொண்டு கழன்று கீழே விழுந்தது, ஓட்டை வழியாகச் சாலை தெரிந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. ஒரு நிலக்கரி லாரி வந்தது. அந்த ஓட்டுநர் நல்லவன். இறங்கி, கை ஏந்தி ஓதினான், கட்டுக்கம்பி கொடுத்தான், தானும் படுத்துப் பார்த்தான். அவன் முன்னறையில் இடமில்லை. பின்னால் கரி. கரி மேல் கிடத்தலாம் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வேனைக் கட்டிப் பனியில் இழுத்துப்போகவும் அவன் லாரியின் பாரம் விடாது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனான்.

காலித் தகர டப்பா ஒன்றைப் பிளந்து, உடைந்த இடத்தில் சுற்றிக் கம்பி போட்டு முறுக்கினான் இஷென்பெக். வெந்த விரல்களைப் பனியில் செருகிக்கொண்டான். புறப்பட்டோம். அவர் தலையைப் பெரிய மாமா மடியிலும் காலை என் மடியிலும் வைத்துக்கொண்டு, நடு உடம்பு தொய்யாமல் இருவரும் கை கோர்த்துத் தாங்கினோம். ஓட்டையிலிருந்து புகை வந்ததால் சன்னலைத் திறந்துதான் வைக்க வேண்டியிருந்தது. பனி அவர் மேலும் எங்கள் மேலும் விழுந்தது. கொஞ்ச தூரம் ஏறுவோம், டப்பா பிய்த்துக்கொள்ளும், தரை மறுபடி கொதிக்கும். நிறுத்துவோம். எஞ்சினை அணைத்தால் குளிரில் திரும்பக் கிளம்பாது, அணைக்காவிட்டால் தரை ஆறாது. கம்பி முறுக்குவான். கிளம்புவோம். என்னால் முடிந்ததெல்லாம் அவர் காலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிப்பதுதான். கை மரத்துப்போனது, இறக்கி வைக்க இடமில்லை.

உச்சியில் நிறுத்தியபோது அவன் கதவோரம் வந்து நின்றான். இமையெல்லாம் பனி.

"திட்டுங்க அண்ணி. ஏதாவது சொல்லுங்க. இப்பிடிச் சும்மா இருக்காதீங்க."

வாய்க்கு வாய் அவனைக் கிழிப்பவள் நான். தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு சொல் கிடைக்கவில்லை. அவன் ஓட்டப் போனான்.

பொழுது சாயும்போது ஊர் வந்தது. எங்கள் வழக்கப்படி ஆண்கள் கம்பில் சாய்ந்து நின்று உரக்க அழுதார்கள். அவரை இறக்கிக் கூடாரத்தின் குளிர்ந்த பக்கம், திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். என்னைக் கறுப்பு உடுத்தி, சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். விதவை அப்படித்தான் உட்கார வேண்டும், எழுந்து போகக்கூடாது. மறுநாள் காலை ஆண்கள் அவரைக் குளிப்பாட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் அந்தச் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி மெதுவாகக் கேட்டது.

அடக்கம் முடிந்து ஆட்கள் துக்கம் சொல்ல உள்ளே வந்தார்கள். குளிப்பாட்டியவர்களில் ஒருவர் கென்ஜெபெக், என் வீட்டுக்காரரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவர் வந்து குனிந்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு முதுகு எப்பிடி இருந்துச்சு?"

"நல்லபடியாக் குளிப்பாட்டினோம் தங்கச்சி."

"நான் அதக் கேக்கல."

"குளிப்பாட்டினவங்க பாத்தத வெளிய சொல்லக்கூடாது. உனக்குத் தெரியும்."

"குறையத்தான் சொல்லக்கூடாது. நல்லா இருந்தா சொல்லலாம்ல? சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தன் கைகளைப் பார்த்தார். பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். பெண்கள் காத்திருந்தார்கள், ஒப்பாரியை மனைவிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் குதிரையைப் பாட வேண்டும், அவர் குணத்தைப் பாட வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். உனக்குச் சுட்டதா, சொல்லு, சுட்டதா என்று அவரையே கேட்டேன். பெண்கள் அதை அப்படியே வாங்கிப் பாடினார்கள்.